கண்ணில் படக்கூடாத கரண்டி

ஜவுளிக்கடை முதலாளி மாசிலாமணி புதுவீடு கட்டினார். சமையலறைச் சுவர் முழுக்க வெள்ளை அலமாரிக் கதவுகள், ஒன்றுக்கும் கைப்பிடி கிடையாது; அமுக்கினால்தான் திறக்கும். சமையல்காரி செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"பால் காய்ச்சுற அன்னிக்கு இங்க ஒரு கரண்டிகூட என் கண்ணுல படக்கூடாது. பட்டா உனக்கு வேலை இல்ல."

"சரிங்க முதலாளி" என்று எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினாள்.

அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடியது. பால் வந்தது, பாத்திரத்தைக் காணோம். முதலாளி ஒரு கதவை அமுக்கினார், உள்ளே விளக்குமாறு. இன்னொன்றில் புளிப்பானை. மைத்துனர் திறந்த கதவு மாமியார் நெற்றியில் இடித்தது. எதைத் திறந்தோம், எதைத் திறக்கவில்லை என்று யாருக்கும் புரியவில்லை.

"நல்ல நேரம் முடியப்போகுது" என்றார் ஐயர்.

"செங்கமலம், பாத்திரத்தை எடு" என்றார் முதலாளி.

"எடுத்துடலாங்க. உங்க கண்ணுல பட்டுடுமே. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறீங்களா?"

சொன்ன சொல்லைச் சபை முன்னால் மாற்ற முதலாளிக்கு மனசில்லை. மூடிக்கொண்டார். பால் பொங்கியதை ஊரே பார்த்தது, வீடு கட்டினவரைத் தவிர.

மறுநாள் காலையில் சமையலறைச் சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அடித்தது முதலாளி, கரண்டி மாட்டத்தான்.