பச்சைச் சட்டைக்காரர் திரும்பி வந்தாரா?

“நான் உசிரை விட்டுக்கிட்டிருக்கேன். ஒரு பச்சைச் சட்டைக்காரன் என் காலைத் தாண்டிக்கிட்டு பாத்ரூம் போறான்.”

பொன்னுரங்கம் இதை மறுபடியும் மறுபடியும் அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்துப் பவுடரைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார்.

நாடகம் முடிந்து ஜெசிந்தா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுச்சு சார்,” என்றாள்.

அவள் குரு. அவர் சிஷ்யர். குருவுக்கு நாற்பது, சிஷ்யருக்கு அறுபதுக்கு மேல். ரிட்டயரான மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நடிப்பு சொல்லிக்கொடுங்கம்மா என்று நின்ற மனுஷர். பழத்தைக் குழுவுக்குப் பங்கு வைத்துவிட்டு, தோலை அவரைப் பொறுக்கச் சொன்னாள். பொறுக்கினார். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறார்.

பாலக்கரையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடிதான் அவர்கள் நாடகம் போடும் இடம். முன்பு தையல் வகுப்பு நடந்த ஹால். ஒரு கோடியில் மாடிப்படி, மறுகோடியில் பாத்ரூம். பிளக் பாயின்ட் பாத்ரூம் பக்கம்தான் இருக்கிறது என்பதால் நடிப்பதும் அந்தப் பக்கம்தான். அவசரம் என்று எழுந்தவர் கதைக்குள் புகுந்துதான் போக வேண்டும். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. போகாமல் என்ன செய்வார்கள்?

நாடகம் முடிகிறவரை பாத்ரூமைப் பூட்டி வைக்கலாமே என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவளிடம் ஒரே பதில்தான்.

“பூட்டினா உட்கார்ந்திருப்பாங்க. எதுக்கு உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சனிக்கிழமை நாடகம் போடும் ஜெசிந்தா, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நாடகம், கூத்து, கச்சேரி என்று எழுதுகிறவளும்கூட. நடிப்பு அபாரம், ஒளியமைப்பு அருமை என்ற பேச்செல்லாம் அவளிடம் கிடையாது. முன்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் எந்த இடத்தில் மெல்லுவதை நிறுத்தினார் என்று எழுதுவாள். நிறுத்தவே இல்லை என்றால் அதையும் எழுதுவாள். ஊரில் பாதி நாடகக்காரர்கள் அவள் எழுதியதால் அவளோடு பேசுவதில்லை. மீதிப் பாதி, எழுதாததால்.

தன் குழுவைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. எழுதவும் மாட்டாள்.

பொன்னுரங்கத்தின் வயிற்றெரிச்சல் அதுதான். பாத்ரூம் எல்லாம் சும்மா மேலுக்கு.

வீட்டில் மனைவி கனகம் சோற்றைப் போடும்போதே ஆரம்பித்துவிடுகிறாளாம். வாரா வாரம் போய்ச் சாகுறீங்களே, பேப்பர்ல ஒரு வரி வந்துச்சா என்று கேட்கிறாளாம். கனகத்திடம் ஊறுகாய் வேண்டுமென்று கேட்கக்கூட வாய் வருவதில்லையாம்.

“ஒரு வரிம்மா. என் பேரைப் போட்டு. நான் நடிகனா இல்லையான்னு நீங்க சொல்லிடுங்க. இல்லேன்னா வர்ற சனிக்கிழமையோட நின்னுக்கிறேன்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஜெசிந்தா மாடிப்படியைக் காட்டியிருப்பாள். இவர் சொன்னதும் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

பொன்னுரங்கம் நெருங்கி வந்து நின்றார்.

“எழுதுறேன். சொல்லுங்க. பச்சைச் சட்டைக்காரர் போனார். எப்போ திரும்பி வந்தார்?”

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் செத்துக்கிட்டிருந்தேன்.”

“சட்டை பச்சைன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அவளும் பேனாவை மூடினாள்.

“வர்ற சனிக்கிழமையும் யாராவது எழுந்து போவாங்க. அவர் எப்போ திரும்பி வந்தார்னு மட்டும் சொல்லுங்க. உங்க பேரோட போட்டுடறேன்.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே புலம்பல். நடிப்பு கற்றுக்கொள்ளப் போனவனைக் கக்கூஸ் வாசலுக்குக் காவல் போட்டிருக்கிறாள் என்றார். கனகம் சிரித்த சிரிப்பில் ரசம் பொங்கி வழிந்தது. ஆனாலும் அந்த ஒரு வரி வேண்டுமே. வெள்ளிக்கிழமை ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, திரும்பிப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“சாகப்போறவர் திரும்பிப் பார்ப்பாரா சார்? காது இருக்குல்ல.”

சனிக்கிழமை வந்தது.

அவருடைய வேஷம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கடைசிக் காட்சியில் கட்டிலில் சாய்ந்தபடி, இத்தனை காலம் பேசாததை மனைவியிடம் பேசிவிட்டுச் சாக வேண்டும். வழக்கமாக அவர் பேசும்போது கீழே ஆணி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நெஞ்சுவலிக்காரர் அப்படிக் கத்த மாட்டார் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவ்வளவு ஆசையாகக் கத்துவார்.

அன்று காட்சி ஆரம்பித்ததுமே, மஞ்சள் பையோடு ஒருவர் எழுந்தார். மன்னிக்கணும் என்று முனகியபடி பொன்னுரங்கத்தின் காலைத் தாண்டினார். முதுகுக்குப் பின்னால் தகரக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

பொன்னுரங்கம் காதைத் தீட்டிக்கொண்டார்.

கத்தினால் காது கேட்காது. குரலைத் தாழ்த்தினார்.

“சரசு.”

காது கொடுத்துக் கேட்டார். கதவுப் பக்கம் சத்தமில்லை.

“கிட்ட வா.”

மறுபடி கேட்டார்.

சரசுவாக நடிப்பவள் செவந்தி. இத்தனை நாளும் இந்த இடத்தில் காது அடைக்குமே என்று தள்ளியே உட்கார்ந்து பழகியவள். இன்று அவர் பேசுவது அவளுக்கே கேட்கவில்லை. எழுந்து வந்து கட்டிலோரம் மண்டியிட்டு, தலையை அவர் வாயருகே கொண்டுபோனாள். ஒத்திகையில் இப்படி இல்லை.

உள்ளே குழாய் திறந்தது. அது நிற்கட்டும் என்று பொன்னுரங்கம் பேசாமல் இருந்தார். ஹாலில் இருமுகிறவர்கள்கூட இருமவில்லை.

குழாய் நின்றது.

“எத்தனையோ பேரை ஏத்தி இறக்கினேன். உன்னை ஒரு நாள் முன் சீட்டுல உட்கார வச்சு ஓட்டியிருக்கணும், சரசு.”

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

இனிக் காலடிச் சத்தம் வரவேண்டும். வந்ததும் கணக்காகக் குறித்துக்கொள்ளலாம். காத்திருந்தார்.

வரவில்லை.

செவந்தி அவர் கையைப் பிடித்தாள். சொல்ல வேண்டிய வசனமெல்லாம் சொல்லியாகிவிட்டது. இன்னும் எவ்வளவு நேரம் சாகாமல் இருப்பது?

அப்போதும் காலடி வரவில்லை. வேறு வழியில்லாமல் கண்ணை மூடிச் செத்துப்போனார்.

செத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஈரக் கையின் தண்ணீர் தரையில் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. ஒரு சொட்டு. அப்புறம் ஒரு சொட்டு. கதவோரத்தில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், ஜெசிந்தா எப்போதும் நிற்கிற இடத்தில், பேனாவின் மூடி மெல்ல டிக்கென்று திறந்தது.

கதவோரம் நின்ற மஞ்சள் பைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னவோ கேட்டார். யாரும் அசையவில்லை. அழுதுகொண்டிருந்த செவந்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் இன்னும் தணிந்த குரலில், கட்டிலைப் பார்த்து மறுபடி கேட்டார்.

“ஐயா, நான் அந்தப் பக்கம் போய்க்கட்டுமா?”