உமி குத்திய வணிகன்

பொதிமாட்டுக் கழுத்துமணி கேட்டு ஊர்கள் கண்விழித்த ஒரு காலம் இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்திலே மலையடிவாரத்தில் நெல்லிக்குறிச்சி என்றொரு ஊர். அந்த ஊரிலே மருதவாணன் என்றொரு மிளகு வணிகன்.

முப்பது மாடுகள் அவனுக்கு. கொடுத்துப் பழகிய கை. தெருவில் கல்யாணமா, அவன் வீட்டு நெல். இழவா, அவன் வீட்டு நெல். திருவிழாவா, அதற்கும் அவன் வீட்டு நெல். வாங்க வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போவார்கள். அப்படிக் குனிந்த தலைகளைப் பார்ப்பதில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் சுகமும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஓர் ஐப்பசியில் மாடுகள் காட்டாற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்தது. மாடுகள் போயின, மிளகு போயிற்று, மிளகுக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்கு ஈடாக நிலமும் போயிற்று. மிஞ்சியது வீடும், மனைவி கோதையம்மையும், ஐந்து வயது மகள் அஞ்சுகமும்தான். குதிரில் கிடந்த நெல்லும் தை பிறப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடிந்ததும் வீட்டுக்கு வீடு நெல் குத்துவார்கள். ஒரு வீட்டு உலக்கை ஒரு காலை ஒலிக்காவிட்டால், அக்கம்பக்கத்தார் போய் என்ன குறை என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் உலக்கை ஒலிக்கிற வீட்டுக்குத் தானமாக ஒரு பிடி அரிசிகூட யாரும் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அந்த வீட்டை அவமதித்ததாகும்.

மருதவாணன் ஒரே ஒரு காலை சும்மா இருந்தால் போதும், தெருவே வாசலுக்கு வந்திருக்கும். அவனோ, தானும் தலையைக் குனிந்து வாங்குவதை நினைத்துப் பார்த்தான். உடம்பு கூசிப்போயிற்று.

கொல்லையில் பழைய உமி குவிந்து கிடந்தது. விடியற்காலையில் அதை அள்ளி உரலில் போட்டான். கதவைத் தாழிட்டுக்கொண்டு உலக்கையைத் தூக்கினான். தொம், தொம் என்று தெரு முழுக்கக் கேட்டது. பிறந்ததிலிருந்து உலக்கையைத் தொட்டறியாத மகராசன், விடாமல் ஒரு நாழிகை குத்தினான். ஊரை ஏமாற்றிவிட்டதாக ஓர் அற்பத் திருப்தி வேறு.

"யாருக்காக இந்த வேஷம்?" என்றாள் கோதையம்மை.

கீரையும் கிழங்கும் தின்று நாட்களைத் தள்ளினார்கள். பிறகு கிழங்கும் கிடைக்கவில்லை.

எதிர்ச்சாரியில் காத்தாயி என்று ஒருத்தி, கூலிக்கு நெல் குத்திப் பிழைப்பவள். பத்தாம் நாள் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, என் உலக்கைப் பூண் கழண்டுபோச்சு. உங்க உரல்ல உங்க உலக்கையாலயே குத்திக்கிறேன். உரல் கூலியா ரெண்டு படி வச்சிட்டுப் போறேன்."

"எங்கள் உரலுக்கே ஓய்வில்லை, போய் வா" என்றான்.

பதினைந்தாம் நாள் மறுபடி வந்தாள். "மழை வர்ற மாதிரி இருக்குய்யா. என் நெல்லை உங்க கூடத்துல கொட்டி வைக்கிறேன். வேணும்னா எடுத்துப் புழங்கிட்டு அப்புறம் தாங்க."

"கூடம் முழுக்க மூட்டை. இடமில்லை" என்றான். கூடத்தில் ஒரு பாய்கூட இல்லை.

இருபதாம் நாள் மூன்றாம் முறையாக வந்தாள். "செத்துப்போன என் மகனோட நாள் இன்னைக்கு. ஒரு பிள்ளைக்குச் சோறு போடணும். பாப்பாவை அனுப்புங்கய்யா."

கதவிடுக்கில் அஞ்சுகத்தின் கண்கள் தெரிந்தன. அனுப்பினால் பிள்ளை தின்கிற வேகமே வீட்டு நிலைமையைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தான். பயத்தில் வாய் தடித்தது.

"கூலிக்காரி வீட்டுச் சோறு தின்னும் நிலையிலா இருக்கிறாள் என் மகள்?"

காத்தாயி திரும்பிப் போனாள். சொன்ன சொல்லை நினைத்து நினைத்து அவன் குன்றிப்போனான். ஆற்றில் இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் மறுநாள் விடியலில் உலக்கையைத்தான் எடுத்தான்.

குத்திக்கொண்டிருக்கும்போது அஞ்சுகம் சுவரைப் பிடித்துப் பிடித்து உரலருகே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இத்தனை நாளா குத்துறியே, இன்னும் அரிசி ஆகலையா?"

கேட்டுவிட்டு, தரையில் சிதறிக் கிடந்ததில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். உமி தொண்டையை அறுத்தது. இருமினாள், இருமி இருமி அவன் காலடியிலேயே சாய்ந்துவிட்டாள்.

அவன் கையிலிருந்து உலக்கை நழுவியது. பிள்ளை தனக்காகத்தான் அப்பா குத்துகிறார் என்று இருபது நாளும் நம்பியிருக்கிறது! ஊருக்குப் பயந்து பெற்ற பிள்ளையையே ஏமாற்றியிருக்கிறேனே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கதவைத் திறந்தான். அடுத்த வீட்டையும் தாண்டி, அதற்கடுத்த வீட்டையும் தாண்டி, நேற்று ஏசினானே, அந்தக் காத்தாயியின் வாசலில் போய் நின்றான்.

"எங்கள் வீட்டில் அரிசி இல்லை. என் மகளுக்கு ஒரு வாய் கஞ்சி கொடு, தாயே."

தலை தானாகக் குனிந்தது.

காத்தாயி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். வெந்நீர் கொடுத்துத் தொண்டையை ஆற்றினாள். பிறகு கஞ்சியை விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். ஐந்தாவது வாய்க்கு அஞ்சுகம் கண்ணைத் திறந்தாள். அதன் பிறகுதான் காத்தாயி மூலையிலிருந்த பானையை இழுத்து அவன் முன்னே வைத்தாள். பானை நிறைய அரிசி.

"தெருவுல எல்லா வீட்டுலயும் தினம் ஒரு பிடி எடுத்துப் போட்டதுய்யா. உங்க உலக்கை எப்ப நிக்கும்னு பார்த்துட்டிருந்தோம்."

"தெருவுக்கே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நெல்லு குத்துறவங்க நடுவுல நிறுத்தி, உமி போக முறத்துல புடைப்பாங்க. நீங்க புடைக்கவே இல்லையே."

தெரு நடுவே துணியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு. இருபது நாளும் அவன் தன்னை மட்டுமே ஏமாற்றிக்கொண்டிருந்தான்.

"நேற்று நான் சொன்னதை..." என்று தொடங்கினான்.

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெக்கப்பட வேண்டியது நாங்களுந்தான்யா. பிள்ளை பசியில கிடக்குதுன்னு தெரிஞ்சும் ஊர் வழக்கம்னு உட்கார்ந்திருந்தோமே."

அன்று அந்தப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தான். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவன் வெட்கம் அன்றைக்கே தீர்ந்துவிடவில்லை. இருபது நாள் உமி குத்திப் பழகிய கை அல்லவா, காத்தாயியோடு சேர்ந்து கூலிக்கு நெல் குத்தப் போனான். ஆண்பிள்ளை உலக்கை பிடிப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கேலி செய்தபோதெல்லாம் அவன் காது சிவந்தது. அப்போதும் உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

முதல் கூலி நெல்லை அவன் தன் வீட்டு உரலில் போட்ட காலையில், பாதி குத்தியதும் நிறுத்தினான்; கோதையம்மை முறத்தில் அள்ளிப் புடைத்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவிலிருந்த உலக்கைகள் எல்லாம் ஒரு கணம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி ஒலிக்கத் தொடங்கின.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, இல்லாமையைச் சொல்ல வெட்கப்பட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறவன், உதவ வரும் கைகளையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிடுகிறான்.