சிவப்புத் தண்ணீரும் கறுப்பு வெள்ளைப் படமும்

முடிவை நீங்கள்தான் சொல்லவேண்டும். ஆகவே அவசரப்படாமல் கேளுங்கள்.

கலர் பிலிம் பரவத் தொடங்கிய காலம். சாயப்பட்டறைகள் இருபத்திரண்டு இருந்த ஓர் ஊருக்குக் கிருபானந்தம் என்ற படக்காரர் போனார். சாயக்கழிவால் கெட்ட கிணறுகளைப் படமெடுத்துச் சென்னையில் கண்காட்சி வைப்பது அவர் எண்ணம். பையில் இரண்டு பிலிம் சுருள்கள் இருந்தன. முப்பத்தாறு படம் எடுக்கும் கறுப்பு வெள்ளை ஒன்று. இருபத்து நான்கு படம் எடுக்கும் கலர் ஒன்று.

அந்த ஊர் விவசாயி நாச்சம்மாளின் ஒன்றரை ஏக்கருக்கும் இரண்டு எருமைகளுக்கும் இருந்தது ஒரே கிணறு. படக்காரர் போன அன்று அதன் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த சாறுபோல இருந்தது.

கலர் என்றால் கல்யாண வீட்டுக்கு. கஷ்டத்தைக் காட்டக் கறுப்பு வெள்ளைதான் கௌரவம். படக்காரர்களிடம் அப்படியொரு வழக்கம் இருந்தது. கிருபானந்தம் யோசிக்காமல் கறுப்பு வெள்ளையைப் போட்டார்.

"செவப்பு நல்லாத் தெரியுமுங்களா தம்பி?" என்று கேட்டார் நாச்சம்மாள்.

"எல்லாம் தெரியுங்க அக்கா."

முப்பத்தாறும் எடுத்தார். கலர் சுருள் டப்பா பிரிக்காமலே ஊர் திரும்பியது.

பத்தொன்பது நாள் கழித்து நாச்சம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்துப் பட்டறையின் கழிவு வாய்க்காலை மூடச் சொல்லித் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருக்கிறார். விசாரணை என்று தெரிந்ததும் பட்டறைக்காரர்கள் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். இரண்டு பெருமழையில் தண்ணீரும் தெளிந்துவிட்டது. விசாரணை முடிந்தால் மறுபடி திறந்துவிடுவார்கள். 'நீங்க எடுத்த படந்தான் இனி சாட்சி' என்று எழுதியிருந்தார்.

கிருபானந்தம் முப்பத்தாறு படங்களையும் மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் சாம்பல் நிறத் தண்ணீர். எந்த ஊர்க் கிணறாகவும் அது இருக்கலாம். நடந்ததை அந்த அம்மாளுக்கு எழுதப் பேனாவைத் திறந்து, ஒரு வரியும் எழுதாமல் மூடிவைத்தார். பிறகு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டூடியோக்களுக்குக் கையால் கலர் தீட்டிக்கொடுக்கும் மரியதாஸிடம் போனார்.

"என்ன சிவப்பு வேணும்? குங்குமமா, செங்கல்லா?"

"பீட்ரூட் தண்ணி."

"இதையே கலர்ல எடுத்திருக்கலாமே சார்? எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

கிருபானந்தம் படத்தை நீட்டினார்.

விசாரணையன்று தாலுகா அலுவலக வாசலில் படத்தைக் கொடுத்தார். பூசியது என்று சொல்லவில்லை. நாச்சம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கெணத்த எட்டிப் பாத்தாப்பல இருக்குதுங்க!" படத்தின் பின்புறம் தம் கையெழுத்தைப் போட்டு, தாமே தாசில்தார் முன் வைத்தார். "அன்னிக்கு இருந்ததுங்க சாமி. கேமராவுல அப்படியே புடிச்சது."

பட்டறை மேனேஜர் வரதராஜுலு படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மரியதாஸின் தூரிகை ஓரிடத்தில் நூலளவு தாண்டியிருந்தது.

"ஏனுங்க அய்யா, தண்ணிக்கு மேல மூணாவது படி காஞ்சு கெடக்குது. அதுலயும் செவப்பு! கல்லுக்குமா நாங்க சாயம் போட்டோம்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை.

"படம் எடுத்தவர் நீங்கள்தானே? இது பிலிமில் விழுந்த நிறமா, கையால் பூசியதா?"

நாச்சம்மாள் திரும்பிப் பார்த்தார். "அவுங்களுக்கு வெளங்கறாப்பல சொல்லுங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் சந்தேகம் துளியும் இல்லை.

'பிலிம்' என்றால் கிணறு பிழைக்கலாம். அவர் கண்ணால் கண்ட சிவப்பும் பொய்யில்லை. 'கை' என்றால் உண்மை. ஆனால் வாய்க்கால் மறுபடி திறக்கலாம்.

அவர் என்ன சொல்வது சரி?

விடை: 'பிலிம்' என்றால் அடுத்து நெகட்டிவைக் கேட்பார்கள், அது கறுப்பு வெள்ளை; அதோடு மனுவே பொய் என்றாகும். 'கை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் யோக்கியராக வெளியே போவார்; கையெழுத்துப் போட்ட நாச்சம்மாள் பொய்க்காரி ஆவார். பாதி உண்மை அடுத்தவர் தலையில் விழும். ஆகவே முழுவதையும் சொல்வதே சரி. கிருபானந்தம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: பூசியது கை, பூசச் சொன்னவர் தாமே, அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது, கலர் பிலிம் இருந்தும் போடவில்லை. தாசில்தார் படத்தைத் தள்ளினார், மனுவைத் தள்ளவில்லை. கிணற்றடிச் சேற்றைத் தோண்டிச் சாயம் படிந்திருக்கிறதா என்று பார்க்க நாள் குறித்தார். வெளியே வந்ததும் நாச்சம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்: "பையிலயே இருந்துச்சுங்களா தம்பி?" "ஆமாங்க அக்கா" என்றார் அவர். அந்த அம்மாள் பஸ்ஸுக்கு நடந்தார்.