தூக்குப்போசியில் பிடித்த எண்ணெய்

பொள்ளாச்சி ரோட்டில் ஜெய்புன்னிசாவின் கார் பட்டறை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை பழகுகிறவர் தானே ஒரு சாமானைச் செய்து ஒரு வண்டியில் மாட்ட வேண்டும். ஒரு மாதம் அது ஓட வேண்டும். பிறகு வண்டிக்காரர் வந்து, யாரும் கேட்காமல், நன்றாயிருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் கருவி அறைச் சாவி கிடைக்கும். சாவி கிடைத்தால் தனியாக என்ஜின் பிரிக்கலாம். அதுவரை ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலைதான்.

மேஸ்திரி ஜெய்புன்னிசாவுக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் வேலை பழக வந்த அருளாந்துவுக்கு ஐம்பத்திரண்டு. பாதி ஆயுள் பழைய இரும்பு வாங்கி விற்றவர். பேரத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது, கோபத்திலும் கிடையாது. அந்தச் சாவிக்காக இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்.

அவர் செய்தது எண்ணெய் பிடிக்கிற டப்பா. டர்போ வண்டியின் என்ஜின் மூச்சு விடும்போது எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும். ஒரு குழாய் அந்தப் புகையைத் திரும்ப என்ஜினுக்கே ஊட்டிவிடும். வழியில் ஒரு டப்பா இருந்தால் எண்ணெய் அதில் தங்கிவிடும், காற்று மட்டும் போகும். கடையில் அதற்குச் சொன்ன விலையைக் கேட்டு அருளாந்து கடைக்காரனிடம் சண்டையே போட்டுவிட்டு வந்தார்.

"ஒரு டப்பா, ரெண்டு மூக்கு. இதுக்கா இந்த விலை?"

சோறு கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றை எடுத்தார். மூடியில் இரண்டு துளை போட்டு இரண்டு மூக்கு வைத்துப் பற்றவைத்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நாரைத் திணித்தார். புகை அந்த நாரில் மோதினால்தான் எண்ணெய் பிரிந்து கீழே சொட்டும். ரப்பர் வளையம் போட்டு மூடியை இறுக்கினார்.

ஜெய்புன்னிசா ஒரு மூக்கில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார்.

"காத்து போகுது. மாட்டுங்க அண்ணே."

மாட்டியது கோழித்தீவன ஏஜெண்ட் நாச்சிமுத்துவின் வண்டியில்.

மாதம் முடிந்தது. நாச்சிமுத்து தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றார். அன்று ஜெய்புன்னிசா சாமான் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார்.

"யோவ் இரும்புக்கடை! என்னய்யா மாட்டி உட்டிருக்கற? தொறந்து பாரு!"

திறந்தால் கால் போசிக்குக் கறுப்பு எண்ணெய். அருளாந்துவுக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா, எவ்வளவு பிடிச்சிருக்கு!"

"பிடிச்சிருக்குதா? அஞ்சு வருசமா என்ற வண்டி ஒரு சொட்டு ஒழுகுனதில்ல. உன்ற போசிய மாட்டி ஒரு மாசத்துல இத்தனை ஊத்தியிருக்குது. நல்லா இருந்த வண்டியக் கெடுத்துப்போட்டயே!"

"ஐயா, அஞ்சு வருஷமா இதையெல்லாம் உங்க என்ஜின் தின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் கண்ணுல படுது."

"கண்ணுல படாத வரைக்கும் வண்டி நல்லாத்தான இருந்துச்சு?"

அருளாந்துவுக்குக் காது இரண்டும் சுட்டது.

சுத்தமா இருக்கணும், அவ்வளவுதானே? வச்சுக்கோ.

போசியைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். எண்ணெயைக் கொட்டினார். நாரைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். வெறும் போசியைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். இனிமேல் புகை ஒரு மூக்கில் நுழைந்து மறு மூக்கில் அப்படியே போய்விடும்.

"சரி பண்ணிட்டேன். போயிட்டு வாங்க."

அடுத்த மாதம் நாச்சிமுத்து இரண்டு அட்டை முட்டையோடு வந்தார். நேராக ஜெய்புன்னிசாவிடம் போனார்.

"அம்மிணி, உங்காளு கெட்டிக்காரருங்க. அன்னிக்குத் திட்டிப்போட்டேன், மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. இப்ப வந்து பாருங்க, போசி கண்ணாடியாட்ட இருக்குது. பிரமாதமுங்க!"

ஜெய்புன்னிசா போசியைத் திறந்து பார்த்தார். அருளாந்துவைப் பார்த்தார். வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார்.

"அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இந்தாங்க அண்ணே."

இரண்டு வருஷத்துச் சாவி. அருளாந்துவின் விரல் அதைத் தொட்டுக்கூட விட்டது. அப்புறம் என்னவோ உள்ளே வெடித்தது.

"எனக்கு வேண்டாம் இந்தப் பாராட்டு! வெறும் போசிய்யா அது! உள்ள ஒண்ணுமே இல்லை. நாரைப் பிடுங்கி வீசிட்டேன். ஒழுங்கா வேலை செஞ்ச டப்பாவைத் தூக்கிட்டு வந்து சண்டை போட்டீரு. சும்மா தொங்கினதுக்கு முட்டையா?"

"அப்ப என்னை ஏமாத்திப்போட்டயா?"

"ஆமா, ஏமாத்தினேன். ஏமாத்தின பிறகுதான் நீர் சிரிச்ச முகமா வந்தீரு!"

ஜெய்புன்னிசா என்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றினார். "விரலை விட்டு எடுங்க அண்ணே" என்றார். அருளாந்து விட்டு எடுத்தார். கணு வரைக்கும் கறுப்பு. அந்த விரலை நாச்சிமுத்துவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"திரும்ப நார் வச்சுத் தர்றோம்" என்றார் ஜெய்புன்னிசா. "மாசாமாசம் திறந்து கொட்டிடுங்க."

நாச்சிமுத்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாமுங்க அம்மிணி. மாசாமாசம் அந்தக் கருமத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. இப்ப இருக்கறாப்பலயே இருந்துட்டுப் போவுட்டும்."

அருளாந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"வெறும் போசி இங்க மாட்டறதில்லைங்க" என்றார் ஜெய்புன்னிசா. போசியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, குழாயைப் பழையபடி சேர்த்தார்.

"அப்ப எதுத்த பட்டறைல மாட்டிக்கறேன்." முட்டை அட்டைகளை எடுத்துக்கொண்டு நாச்சிமுத்து போய்விட்டார்.

சாவி திரும்ப வளையத்துக்குப் போனது.

"அடுத்த வண்டி வரட்டும் அண்ணே."

"அடுத்த வண்டியா?" அருளாந்துவின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. "உண்மையைச் சொன்னேன், சாவி போச்சு. பேரும் போச்சு. அங்க பாருங்க மேஸ்திரியம்மா, அந்தாளு எதிர்ல முட்டையைக் கொடுத்துட்டு டீ குடிக்கறான். அவங்க ஒரு காலி டப்பாவை மாட்டி மாலை போட்டு அனுப்புவாங்க. அவனுக்கு என்ன நஷ்டம்? எனக்கு மட்டும் ஏன் இது?"

ஜெய்புன்னிசா துடைக்கிற துணியை அவரிடம் கொடுத்தார்.

"அவர் பட்டறையை மாத்திக்கலாம் அண்ணே. நீங்க வேலை செய்யற கையை மாத்திக்க முடியாதே."