வீட்டுக்குப் போன முக்காலி

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்தில், ஈரேழு பதினான்கு உலகங்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய மாபெரும் அறிவிப்பு ஒன்று வெளியானது. யானைமேல் முரசேற்றி, எட்டுத் திக்கிலும் கொம்பூதி, கட்டியக்காரர் தொண்டை கிழியக் கூவினார்:

"முதல் மணி தொடங்கிக் கடைசி மணி வரையில், அரசவை ஊழியர் எவரும் தமக்கு அளிக்கப்பட்ட இருக்கையை விட்டு இம்மியளவும் பிரியலாகாது! பிரிந்தவர் நாடு கடத்தப்படுவார்! தும்மல், விக்கல், மூக்குச் சிந்தல் முதலான சொந்தக் காரியங்களுக்கு நேரக்காவல் அதிகாரியிடம் முத்திரை ஓலை பெறுக!"

இதற்குக் காரணம் ஒரு பலாப்பழம். அகண்டவீர பூபதி மகாராஜா முந்தின நாள் முழுப் பழத்தையும் ஒருவராகவே தீர்த்துவிட்டு, வயிற்றுக் கடுப்பில் விடியற்காலை எழுந்துவிட்டார். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எழுந்தவர் சும்மா இருக்காமல் சபைக்குப் போனார். அங்கே ஒரு பூனை மட்டும் சிம்மாசனத்தில் படுத்திருந்தது.

"நம் ராஜ்ஜியத்தை நடத்துவது இந்தப் பூனைதானா?" என்று கர்ஜித்தார். அன்று மத்தியானத்துக்குள் சட்டம் வந்துவிட்டது. பலாப்பழத்தைத் தடை செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

நேரக்காவல் அதிகாரியாக நியமனம் பெற்றவர் பராங்குசராயர். முத்திரை மோதிரத்தை விரலில் மாட்டிய கணத்திலிருந்து, அந்த விரலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நடந்தார். சபையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு முக்காலி. மகாராஜா உண்டு, உறங்கி, மறுபடி உண்கிற நேரத்திலும் காலிச் சிம்மாசனத்தைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். தானதர்மங்களைக் கவனிக்கும் தானாதிகாரி தும்மலுக்கு விண்ணப்பித்தார். ஓலை கைக்கு வருவதற்குள் தும்மல் போய்விட்டது. வந்த அனுமதியை வீணாக்கினால் அதற்கொரு விசாரணை வருமே என்று பயந்து, பொய்யாக ஒரு தும்மல் தும்மி வைத்தார்.

அந்தச் சபையின் விகடகவி விடங்கன். ராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது. தன் மைத்துனனை விகடகவி ஆக்கப் பார்த்தவர் அவர். மைத்துனன் மூன்று வேடிக்கைகள் சொல்லி மகாராஜாவை அழவைத்துவிட்டான்.

கடைசி மணி அடித்த பிறகு விடங்கன் ராயரிடம் வந்து கைகட்டி நின்றான். "ராயரே, நாளை மதியம் என் மகள் அபரஞ்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அங்கேயே தாம்பூலம் மாற்ற வேண்டும். இரண்டு நாழிகை அனுமதி தாரும்."

"பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்தானே வீட்டில் இருக்க வேண்டும்? உம்மை யார் பார்க்கப் போகிறார்கள்?"

"தகப்பன் இல்லாமல் தாம்பூலம் மாற்றுவதா? மூன்று வரன் தட்டிப்போய் வந்த நாலாவது வரன் ஐயா இது!"

"ஐந்தாவதும் வரும். போம்!" என்று விரலை நீட்டினார் ராயர்.

மறுநாள் மகாராஜா உண்டு உறங்கப் போனார். உடனே, அரண்மனை வாசலில் சும்மா குந்தியிருந்த பல்லக்குத் தூக்கிகள் நால்வரை விடங்கன் கைதட்டி அழைத்தான். அவர்களுக்குச் சட்டத்தில் இருந்தது ஒரே விதி: அதிகாரி ஏறினால் தூக்க வேண்டும். முக்காலிக்கு அடியில் இரண்டு மூங்கிலைக் கட்டினார்கள்.

"சாமி, பல்லக்கு தூக்கியிருக்கோம், பாடையும் தூக்கியிருக்கோம். முக்காலி தூக்கினதில்லீங்க" என்றான் மூத்தவன் ஒண்டியப்பன்.

"இரண்டுக்கும் நடுவிலே ஒன்று என்று நினைத்துக்கொள்ளப்பா. ஆட்டாமல் போ."

ராயர் தடுக்கவில்லை. ஆசாமி எங்காவது கால் ஊன்றுவான், கையும் களவுமாகப் பிடித்து எல்லைக்கு அந்தப்புறம் தள்ளிவிடலாம் என்று சந்தோஷமாகப் பின்தொடர்ந்தார்.

வீட்டு வாசல் குறுகல். விடங்கனைச் சாய்த்து, திருப்பி, கதவுக்குள் கட்டில் நுழைப்பதுபோல் நுழைத்தார்கள். மனைவி கோமளம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது கூத்து! இறங்கித் தொலைங்க, வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

"இறங்கினா நாடு கடத்திருவாங்கடி. தட்டை இங்கே நீட்டு."

பிள்ளையின் தகப்பனார் ஆதிமூலம் எழுந்தே நின்றுவிட்டார். "சம்பந்தி கீழே இறங்க மாட்டாரோ?"

"மகாராஜா உத்தரவுங்க. என் கால் தரையிலே படவே கூடாதாம்" என்றான் விடங்கன் அடக்கமாக.

ஆதிமூலம் தம் மனைவியின் காதில், "கால் தரையிலே படக் கூடாதாம்டி! இந்த எடத்தை விட்டா நமக்கு வேற எடம் ஏது?" என்றார். பெண் வந்தாள், பிள்ளை பார்த்தான், தாம்பூலம் அந்தரத்திலேயே மாறியது.

கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் ஒளிந்திருந்த ராயரைப் பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு மாமா என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் பிள்ளைக்கு மாமா என்று நினைத்தார்கள். இரு தரப்பும் உபசரித்ததில் ராயர் மறுக்க முடியாமல் இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டார்.

மகாராஜா விழித்து வந்தபோது முக்காலி பழைய இடத்தில் இருந்தது. விடங்கன் அதன்மேல் இருந்தான். ராயர் மூச்சிரைக்க ஓடிவந்து விழுந்தார்.

"மகாராஜா! இந்த விடங்கன் வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் மாற்றிவிட்டு வந்திருக்கிறான்!"

"உண்மையா, விடங்கா?"

"உண்மை, பிரபு. ஆனால் இருக்கையை விட்டு இம்மியும் பிரியவில்லை. நான் பிரிந்ததை ராயர் பார்த்தாரா என்று கேளுங்கள்."

"பிரியவில்லைதான்! நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேனே!"

"எங்கிருந்து பார்த்தீர்?" என்றான் விடங்கன்.

"முருங்கை மரத்தடியிலிருந்து!"

"பிரபு, ராயருடைய முக்காலி முருங்கை மரத்தடியிலா போடப்பட்டிருக்கிறது?"

சபை மூச்சு விடவில்லை. அதற்கு ஓலை வேண்டியிருந்ததால் அல்ல.

"ராயரே, உமக்கு அனுமதி ஓலை தந்தது யார்?" என்றார் மகாராஜா.

"முத்திரை என்னிடம்தானே இருக்கிறது, பிரபு..."

"அப்படியானால் உமக்கு நீரே விண்ணப்பித்து, நீரே யோசித்து, நீரே கொடுத்தீரா?"

"யோசிக்க அவகாசம் இல்லை, பிரபு."

"போகட்டும். பெண் பார்த்த வீட்டில் பஜ்ஜி இல்லாமல் இருக்காதே, எப்படி இருந்தது?"

"வாழைக்காய், பிரபு. உப்புதான் ஒரு கல் தூக்கல்..." என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. சிரிப்பு ஓய்ந்ததும், "சட்டப்படி ராயரை நாடு கடத்த வேண்டியதுதான்" என்றார்.

"வேண்டாம், பிரபு!" என்று பதறினான் விடங்கன். "கல்யாணத்தன்று மாமா எங்கே என்று இரண்டு வீட்டாரும் கேட்பார்கள். நான் எந்த மாமாவைக் காட்டுவேன்?"

மகாராஜா மறுபடி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அபரஞ்சிக்குச் சீராகக் கொடுத்தார். கல்யாணத்துக்குத் தாமே வருவதாகவும் வாக்களித்தார். சபை எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே ஜயகோஷம் செய்தது. இனி இந்தச் சட்டம் ஒழிந்தது என்று எல்லாரும் மனத்துக்குள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

மறுநாள் காலை, அரண்மனைத் தச்சர் வந்து எல்லா முக்காலிகளையும் தரையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டுப் போனார்.