ராணியின் கோழிக்கொண்டைப் பாத்தி

முன்னொரு காலத்தில், ஏழு குன்றுகளுக்கு நடுவே கிடந்த வேங்கைநாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நிமிஷத்தில் நடந்தாக வேண்டும். ராணி இறந்த பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிற்று.

ராணிக்குக் கோழிக்கொண்டைப் பூ என்றால் உயிர். அவள் சேர்த்து வைத்திருந்த விதையை அரசன் தோட்டக்காரி பாவாயியிடம் கொடுத்தான்.

"வருஷ திதிக்குள் அவள் சமாதியைச் சுற்றி இது பூத்திருக்க வேண்டும்."

கடுகைவிடச் சிறிய கறுப்பு விதை. பாவாயி சமாதியைச் சுற்றிப் பாத்தி கட்டி அதை மணலில் கலந்து தூவினாள். நெருக்கமாக முளைத்ததைப் பிரித்து நட்டாள். செடிகள் ஒரு சாண் உயரம் வந்தன.

நந்தவன அதிகாரி ஏகாம்பரருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ராணி இருந்தவரை எந்தச் செடியைப் பற்றியும் அவரைக் கேட்டதில்லை, பாவாயியைத்தான் கேட்பாள். அந்தப் புகைச்சலோடு அவர் அரசனைப் பாத்திக்கு அழைத்துவந்தார்.

"மகாராஜா, இது கோழிக்கொண்டையா? சோளக்காட்டில் மண்டிக் கிடக்கும் பண்ணைக்கீரை! ராணியம்மாவின் விதையை எங்கேயோ தொலைத்துவிட்டுக் களையை வளர்த்திருக்கிறாள்."

அரசன் முகம் சிவந்தது. "பிடுங்கி எறியுங்கள். இவளை எல்லைக்கு வெளியே விடுங்கள்!"

பாவாயி பாத்திக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"மகாராஜா, ரெண்டும் ஒரே இனம். இளசில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியும். இலையைத் தொட்டே சொல்வேன்" என்றார் ஏகாம்பரர்.

"அப்படியானால் சபையில் சொல்லட்டும். செடியை மகாராஜாவே கொண்டுவரட்டும். எங்கே எடுப்பது என்று மட்டும் உங்கள் காதில் சொல்கிறேன்."

அரசன் குனிந்து கேட்டான். உடனே குதிரை ஏறினான்.

மறுநாள் சபையில் பத்துச் சட்டிகள் வரிசையாக இருந்தன. ஏகாம்பரர் ஒவ்வோர் இலையாகத் தடவினார், முகர்ந்தார். ஐந்து சட்டிகளை வலப்பக்கம் நகர்த்தினார்.

"இவை ராணியம்மாவின் பூச்செடிகள். தண்டில் சிவப்பு ஓடுகிறது பாருங்கள். மற்ற ஐந்தும் களை."

"நிச்சயமா?" என்றான் அரசன்.

"என் பதவி மேல் ஆணை!"

"பத்தையும் சோளக்காட்டு வரப்பில் நானே தோண்டினேன், ஏகாம்பரரே. ஒன்றுகூடப் பாத்தியில் எடுத்ததில்லை."

ஏகாம்பரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும் மகாராஜா. பாத்தியில் இருப்பதும் களையாக இருக்கலாமே? அதற்கு இவள் என்ன சொல்கிறாள்?"

"இருக்கலாம்" என்றாள் பாவாயி. "இலையைப் பார்த்து எனக்கும் சொல்லத் தெரியாது. திதிக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது. பூத்துப் பார்ப்போம். களையானால் நானே ஊரை விட்டுப் போகிறேன்."

அரசன் சம்மதித்தான்.

சபையில் துணிந்து பேசிவிட்டாளே தவிர, பாவாயிக்கு உள்ளுக்குள் பயம்தான். காற்றிலும் பறவை எச்சத்திலும் எந்த விதை வந்து விழுந்ததோ, யார் கண்டது? காலையில் எழுந்ததும் நுனி இலைகளை விலக்கிப் பார்ப்பாள். இருபதாம் நாள் மொட்டு தெரிந்தது. கூர்மையாக, பண்ணைக்கீரையின் கதிர் மாதிரியே இருந்தது. ஏகாம்பரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனார்.

திதி நாளும் வந்தது. ஏகாம்பரரும் மற்ற அதிகாரிகளும் பின்தொடர, அரசன் விடிந்ததும் வெறுங்காலோடு வந்தான். பாத்தி முழுக்க விரலகலக் கொண்டைகள், மடிப்பு மடிப்பாக, கருஞ்சிவப்பில் விரிந்திருந்தன. அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அன்றைக்கே பிடுங்கியிருப்பேனே" என்றான். "இவர் சொன்னார் என்பதற்காக இல்லை. எனக்குப் பொறுமை இல்லாததால்."

ஏகாம்பரர் தலை குனிந்து நின்றார்.

"இவரை என்ன செய்யலாம், பாவாயி?"

"களை எடுக்க விடுங்கள் மகாராஜா. ஆனால் எல்லாம் பூத்த பிறகு."

அரசன் கண்காட்ட, ஏகாம்பரர் தன் இடுப்பிலிருந்த நந்தவனச் சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். கூட வந்த அதிகாரிகள் கலைந்து போனார்கள். அரசன் மட்டும் போகவில்லை.

"விதை முற்றியதும் எனக்குச் சொல்லி அனுப்பு, பாவாயி" என்றான் மெதுவாக. "எப்படி உதிர்த்து எடுப்பது என்று எனக்குத் தெரியாது."