தரையில் படாத பானை

காடைக்குன்று மடத்தில் கார்த்திகைக்கு நெய்ப்பானை சுமப்பவர் ஒருவர்தான். மலை உச்சியில் ஏற்றும் தீபத்துக்கான நெய் அது. அடிவாரத்தில் வாங்கினால் உச்சியில் விளக்கடியில்தான் இறக்க வேண்டும். நடுவில் பானை தரையில் படக்கூடாது. கை மாறவும் கூடாது. தவறினால் மறுவருஷம் சுமப்பவர் வேறு.

பத்தொன்பது வருஷம் மாசிலாமணி சுமந்தார். கடைசி முறை இறங்கும்போது இடது பாதத்தில் கல் குத்திவிட்டது. சர்க்கரை உடம்பு. புண் ஆறவில்லை. தை மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மடத்துத் தலைவரை ஊர் சின்னச்சாமி என்றே அழைத்தது. மாசிலாமணியைவிடப் பதினொரு வயது இளையவர். ஆனாலும் முந்தைய தலைவர் பெரியசாமிக்குப் பின் அவர் பொறுப்பேற்ற அன்றே, மாசிலாமணி காலில் விழுந்து அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அப்போது இரண்டு கால்களும் இருந்தன.

ஐப்பசி பிறந்ததும் மாசிலாமணி கேட்டார்.

“பழையபடி எப்ப ஆவேன் சாமி?”

சின்னச்சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலையே.”

“இந்த வருஷம் பானை யாருக்கு?”

“நீங்க வேண்டாம்னு சொன்னா நம்ம மடத்துப் பையன் சடையப்பனுக்கு.”

“நான் வேண்டாம்னு சொல்லலை.”

“அப்ப உங்களுக்குத்தான்.”

மறுநாள் விடியும் முன்பே மாசிலாமணி ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்தார். மறு அக்குளில் ஊன்றுகோல். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படிகள். ஒன்பதாவது படியில் கோல் வழுக்கியது. பானை உடைந்து தண்ணீர் படிகளில் ஓடியது.

மடத்துச் சமையல்காரன் குப்புமுத்து விறகோடு வந்துகொண்டிருந்தான். சுள்ளிகளைக் கீழே போட்டுவிட்டு வந்து தூக்கிவிட்டான்.

“மலையைக் கழுவணும்னா சொல்லக் கூடாதா அண்ணே? நானும் ஒரு குடம் கொண்டு வந்திருப்பேனே.”

மாசிலாமணி சிரிக்கவில்லை. சிராய்த்த முழங்கையோடு நேரே சாமியிடம் போனார்.

“என்னால நிக்க முடியலை சாமி. சடையப்பன்கிட்டயே குடுத்துடுங்க.”

அன்றும் கீரை உருவிக்கொண்டிருந்த சின்னச்சாமி அவரை உட்காரச் சொன்னார். உள்ளே போய் நெய்ப்பானையை எடுத்துவந்தார். செம்புப் பானை. காலியாக இருந்தது. அதை மாசிலாமணியின் மடியில் வைத்தார்.

“விதி என்ன?”

“தரையில படக்கூடாது. கை மாறக்கூடாது.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் சாமி.”

“நிக்கணும்னு எங்கே இருக்கு?”

மாசிலாமணி மடியிலிருந்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கீரைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி குப்புமுத்துவிடம் ஒரு அரிசிச் சாக்கு கேட்டார்.

“எதுக்கண்ணே?”

“வேட்டிக்குப் பின்பக்கம் வச்சுத் தைக்க.”

குப்புமுத்து ஒன்றும் புரியாமல் நின்றான். புரிந்ததும் உள்ளே போய் இரண்டு சாக்குகளோடு வந்தான்.

“ரெண்டு மடிப்பா தைங்க. ஊரே பின்னாடி வரும்.”

“பின்னாடி வரமாட்டாங்கடா. முன்னாடி வருவாங்க” என்றார் மாசிலாமணி.

வழக்கமாகப் பானை நாலு மணிக்குப் புறப்படும். அந்தக் கார்த்திகையில் நண்பகலிலேயே புறப்பட்டது. மாசிலாமணி மலைக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தார். நெய் நிறைந்த பானையை மடியில் வாங்கித் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளையும் மேல்படியில் ஊன்றினார். வலது காலால் உந்தினார். உடம்பு எழுந்து அடுத்த படியில் அமர்ந்தது.

ஒரு படி.

கூட்டம் எதிரே நின்றது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் படிகளைப் பார்த்தபடியே ஏறினார்கள்.

ஒன்பதாவது படியில் அவர் சற்றுத் தாமதித்து, கல்லை ஒருமுறை கையால் தட்டிவிட்டு மேலே போனார்.

நின்று சுமந்த காலத்தில் இளைப்பாற இடம் கிடையாது. இப்போது ஒவ்வொரு படியிலும் இளைப்பாறலாம். ஆனால் இருநூறு தாண்டியபோது உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. சடையப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“போதும்ணே. மீதியை நான் ஏத்திடுறேன். யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க.”

“யாரும் சொல்ல மாட்டாங்க தம்பி. நானே சொல்லிக்குவேன்.”

மூச்சு வாங்கக் தலையை நிமிர்த்தியவர் கீழே பார்த்தார். பத்தொன்பது வருஷமும் கல்லைப் பார்த்தே ஏறியவர். வயலும் ஏரியும் மடமும் அவருக்கு முன்னால் விரிந்து கிடந்தன. திடீரென்று குரல் கொடுத்தார்.

“ஏய் குப்புமுத்து. சமையல்கட்டுக் கூரையில ரெண்டு ஓடு உடைஞ்சு கிடக்கு. மழை வந்தா ஒழுகுதுன்னு மழையைத் திட்டிக்கிட்டிருக்கே.”

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உடைந்துதான் இருந்தது. யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அதன்பின் யாரும் படிகளைப் பார்க்கவில்லை. அவர் எழும்ப எழும்பப் பெண்கள் எண்ணத் தொடங்கினார்கள். முந்நூற்று ஒன்று. முந்நூற்று இரண்டு.

வெயில் தாழும்போது எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது. மாசிலாமணி உச்சிப்பாறையில் நகர்ந்துபோய் விளக்கடியை அடைந்தார். துண்டை அவிழ்த்தார். பானையை இறக்கிவைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சின்னச்சாமி பக்கத்தில் வந்து அமர்ந்தார். மாசிலாமணி உரிந்த கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தார்.

“ஏறிட்டேன் சாமி. ஆனா பழையபடி இல்லை.”

“இல்லைதான்” என்றார் சின்னச்சாமி. “பதினாறு வருஷமா இந்தப் பானைக்குப் பின்னாடி ஏறி வர்றேன். சுமக்கிறவர் முகத்தை இன்னிக்குத்தான் பார்த்தேன்.”